சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்த டாக்டர்: விபத்துக்குப் பிறகு மேரி வர்கீஸ் மீண்டு வந்தது எப்படி?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வேலூர் ஒன்றும் தூரம் கிடையாது. பஸ் ஏறினால் சுமார் 70 கிலோமீட்டர். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால், வேலூருக்குக் கொண்டு போய்ப் பார்க்கலாமா என்ற பேச்சு தானாக வந்துவிடும். வேலூர் என்றாலே இந்தப் பக்கத்தில் பலருக்கும் சிஎம்சி மருத்துவமனைதான்.

அதே வேலூரில், பாகாயத்தில், சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்து போனவர்கள் அங்கே வருகிறார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதில் தொடங்கி, மறுபடியும் வேலைக்குப் போவது வரை அவர்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது.

அந்த நிலையத்தை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரும் ஒரு கார் விபத்தில் இரண்டு கால்களின் செயல்பாட்டையும் இழந்தவர்தான். விபத்து நடந்தபோது வயது 28. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் நடக்கவில்லை. ஆனால், இந்தியாவில் ஒரு புதிய மருத்துவத் துறை கால் ஊன்ற முக்கியமான காரணங்களில் அவரும் ஒருவர்.

யார் இந்த மேரி வர்கீஸ்? விபத்துக்கும் அந்தச் சாதனைக்கும் இடையில் என்ன நடந்தது? பார்ப்போம்.

செராயிலிருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் பிறந்தது 1925-ல், கேரளத்தின் கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள செராய் என்ற கடலோர ஊரில். வசதியான குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. அப்பா ஊரிலும் தேவாலயத்திலும் மதிப்புள்ள மனிதர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, 1946-ல் எம்பிபிஎஸ் படிக்க வேலூர் வந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் டாக்டருக்குப் படிக்க வேலூர் பொருத்தமான இடம். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1918-ல் பெண்களுக்காகவே தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. ஆண்களை அங்கே சேர்க்க ஆரம்பித்ததே 1947-ல்தான்.

படிப்பை முடித்த மேரி, மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவத்தில் பயிற்சி மருத்துவராக வேலையைத் தொடங்கினார். பிரசவ வார்டு என்றால் உங்களுக்கே தெரியும். ராத்திரி, பகல் கிடையாது. நின்றுகொண்டே வேலை, ஓடிக்கொண்டே வேலை. அவர் தேர்ந்தெடுத்த துறை முழுக்க முழுக்கக் கால்களை நம்பிய துறை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1954: அந்தப் பயணத்தில் என்ன நடந்தது?

1954-ல் ஒரு விடுமுறை நாள். இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஸ்டேஷன் வேகன் காரில் வெளியே கிளம்பினார்கள். வேலைக்கு நடுவில் கிடைத்த ஒருநாள் ஓய்வு, அவ்வளவுதான். மேரியும் அந்த வண்டியில் இருந்தார்.

வழியில் முன்னால் ஒரு பேருந்து போய்க்கொண்டிருந்தது. அதை முந்தப் பார்த்தபோது கார் கட்டுப்பாட்டை இழந்தது. சாலையை விட்டு விலகி உருண்டு கவிழ்ந்தது. பஸ்ஸை ஓவர்டேக் செய்யப் போய் விபத்து என்ற செய்தியை இன்றைக்கும் நாம் வாரம் ஒருமுறையாவது படிக்கிறோம். எழுபது வருஷத்துக்கு முன்பும் அதேதான்.

மேரியின் முகத்தில் ஆழமான வெட்டுக்காயம். அது தைத்தால் ஆறிவிடும். முதுகெலும்பில் பட்ட அடிதான் பெரியது. உள்ளே இருந்த தண்டுவடம் சேதமாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அசைவும் இல்லை. அவரே டாக்டர் என்பதால், இதற்கு என்ன அர்த்தம் என்று வேறு யாரும் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தண்டுவடம் அடிபட்டால் உடம்பில் என்ன ஆகும்?

மூளையிலிருந்து கை, கால்களுக்குக் கட்டளை போவதும், அங்கிருந்து வலி, சூடு, தொடுதல் எல்லாம் மூளைக்குத் திரும்பி வருவதும் தண்டுவடம் வழியாகத்தான். முதுகெலும்பு அதைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புக் கவசம். எலும்பு உடைந்தால் ஒட்டிக்கொள்ளும். தண்டுவடம் முழுமையாகச் சேதமானால் அப்படி ஒட்டுவதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் உடம்புக்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது.

நடக்க முடியாமல் போவது வெளியே தெரிகிற பிரச்சினை. வெளியே தெரியாதவை இன்னும் நிறைய. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது. உணர்வு இல்லாததால், ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுத் தோல் செத்துப் படுக்கைப் புண் வந்தாலும் வலி தெரியாது. சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று ஏற்பட்டு அது சிறுநீரகம் வரைக்கும் போகலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, இப்படி அடிபட்ட பெரும்பாலானோர் சில வருடங்களுக்குள் இறந்துபோனதற்கு இந்தப் புண்ணும் தொற்றும்தான் முக்கியக் காரணம். இந்த நிலைமையை மாற்றியவர்களில் முன்னோடி லுட்விக் குட்மன். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட ராணுவ வீரர்களுக்காகத் தனிப் பிரிவு தொடங்கினார். நோயாளியை நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைக் கவனிப்பது, விளையாட வைப்பது என அங்கே செய்தது எல்லாம் எளிமையான விஷயங்கள்தான். ஆனால் உயிர்கள் பிழைத்தன. 1948-ல் அவர் அங்கே நடத்திய போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்ஸ் ஆக வளர்ந்தது.

மேரிக்கு விபத்து நடந்தபோது இந்த அறிவு உலகத்துக்கே புதுசு. தண்டுவடம் அடிபட்டவரை உள்நோயாளியாக வைத்து, வாழ்க்கைக்குத் திரும்பத் தயார் செய்யும் மறுவாழ்வு நிலையம் அன்று இந்தியாவில் இல்லை.

படுக்கையில் கழிந்த மாதங்கள்

அடுத்து வந்தது நீண்ட படுக்கைக் காலம். நேற்று வரை தன்னுடன் வேலை பார்த்தவர்களே இப்போது அவருக்கு டாக்டர்களும் நர்ஸ்களும். ஒருவர் வந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தாலும் இடுப்பு நிற்காது, சாய்ந்துவிடும். நாம் யோசிக்காமலேயே செய்கிற உட்காரும் வேலையை அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தை நம்மில் பலர் நம் வீடுகளில் பார்த்திருப்போம். ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ஆறுதல். ஒரு மாதம் போனால் கூட்டம் குறையும். மூணு மாதத்தில் நோயாளியும் சுவரும் மட்டும்தான். தன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் அப்போதுதான் உள்ளே வந்து உட்காரும்.

மேரியும் அந்த இருட்டைக் கடந்துதான் வந்தார். அவருடைய கதையை சாதனை வரலாறாக மட்டும் சொல்லும்போது இந்தப் பகுதி விட்டுப்போகிறது. அவருக்கு ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை இருந்தது. அது அவரைத் தாங்கியது. ஆனால் நம்பிக்கை இருந்ததால் துக்கம் இல்லாமல் போய்விடவில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டர் என்ற அடையாளம் போய்விட்டது. அதற்காக அழ வேண்டியதை அழுத பிறகுதான் அடுத்த கேள்விக்கு அவரால் வர முடிந்தது.

பால் பிராண்ட் கவனித்த ஒரு விஷயம்

அந்த அடுத்த கேள்வியை எழுப்பியவர் டாக்டர் பால் பிராண்ட். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். 1946-லிருந்து சிஎம்சியில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் செய்த வேலை உலகப் புகழ் பெற்றது.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். அப்படி இல்லை என்று காட்டியவர் பிராண்ட். நோய் நரம்பைத் தாக்குகிறது. உணர்வு போய்விடுகிறது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. அந்தக் காயங்கள் சேர்ந்து சேர்ந்துதான் விரல்கள் போகின்றன. சில தசைகள் செயலிழப்பதால் விரல்கள் மடங்கி, கை கொக்கி மாதிரி ஆகிவிடுகிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்தால் அந்தக் கை மறுபடியும் பிடிக்கும், எழுதும், உழைக்கும். இதுதான் அவர் செய்த ஆபரேஷன்.

மேரி விஷயத்தில் பிராண்ட் கவனித்தது இதுதான்: கால்கள் போய்விட்டன, கைகள் போகவில்லை. மருத்துவ அறிவும் போகவில்லை. பிரசவ வார்டில் நின்று வேலை பார்க்க முடியாது, சரி. ஆனால் கை அறுவை சிகிச்சை வேறு மாதிரி. நோயாளியின் கையைப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில் நீட்டி வைத்துவிட்டு, டாக்டர் உட்கார்ந்தே செய்கிற ஆபரேஷன் அது. பொறுமையும் நுணுக்கமும் வேண்டும். நிற்க வேண்டியதில்லை.

என்ன போச்சு என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன மிச்சம், அதற்குப் பொருத்தமான வேலை எது என்று பார்த்தார் பிராண்ட். இன்றைக்கு உலகம் முழுக்க மறுவாழ்வு மருத்துவம் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு சக்கர நாற்காலி

மேரி உடனே சரி என்று குதித்துவிடவில்லை. முதுகு நேராக நிற்க வேண்டும். மணிக்கணக்கில் உட்கார உடம்பு பழக வேண்டும். சக்கர நாற்காலியோடு வார்டில் சுற்றி வரப் பழக வேண்டும். தழும்போடும் நாற்காலியோடும் மற்றவர்கள் முன்னால் போய் நிற்பது அதைவிடக் கஷ்டம்.

அவர் முதலில் சென்றது தொழுநோயாளிகளிடம். அன்றைய சமூகத்தில் அவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சொந்த வீட்டிலேயே இடம் கிடையாது. தொடுவதற்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒரு டாக்டர் சக்கர நாற்காலியில் வந்து அவர்கள் கையைப் பிடித்துப் பார்க்கிறார். அந்த டாக்டருக்கே நடக்க முடியவில்லை. ஆனாலும் வேலை செய்கிறார். ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளால் செய்ய முடியாததை அந்தக் காட்சி செய்தது என்பதை பிராண்ட் பின்னாளில் தன் புத்தகங்களில் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு நாண் மாற்று அறுவை சிகிச்சையை மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மடங்கிப்போன கைகளைத் திறக்க ஆரம்பித்தார். தன் கால்களை மீட்க முடியாத ஒருவர் மற்றவர்களின் கைகளை மீட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால்கூட இது பெரிய கதைதான். ஆனால் முடியவில்லை.

நோயாளியாகப் போய் மாணவியாகத் திரும்பியவர்

மேரிக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. தான் மீண்டு வந்ததற்குக் காரணம் தன் மன உறுதி மட்டுமில்லை. அவர் இருந்தது ஒரு பெரிய மருத்துவமனையில். சுற்றிலும் டாக்டர்கள், நர்ஸ்கள், நண்பர்கள். குடும்பத்துக்கும் வசதி இருந்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு இதெல்லாம் யார் தருவார்கள்?

அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்த மறுவாழ்வு மையத்துக்குப் போனார். அங்கே அவர் நோயாளி. பிறர் உதவியில்லாமல் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்யும் பயிற்சி எப்படியெல்லாம் சாத்தியம் என்பதைத் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார். இந்தியாவில் இல்லாத ஒரு சிகிச்சை முறை இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டு வர முடியும் என்பதும் அப்போது புரிந்தது.

அடுத்து அமெரிக்கா. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் பயிற்சி. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த அமெரிக்க வீரர்களை மீண்டும் வேலைக்கும் வீட்டுக்கும் அனுப்பிய அனுபவத்தில் வளர்ந்த நிறுவனம் அது. உயிரைக் காப்பாற்றுவது, நோயைக் குணப்படுத்துவது என்பதோடு மருத்துவம் முடிவதில்லை, அந்த மனிதர் திரும்பவும் வாழ்வதற்குத் தயார் செய்வதும் மருத்துவம்தான் என்பது ரஸ்க்கின் கொள்கை.

தனக்காகத் தேடிப்போன சிகிச்சை, நாட்டுக்கான துறையாக மாறியது இப்படித்தான்.

1963-ல் ஒரு துறை, 1966-ல் ஒரு நிலையம்

1963-ல் வேலூர் சிஎம்சியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை மேரி வர்கீஸ் ஏற்றுக்கொண்டார். உள்நோயாளிப் பிரிவோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. அதே ஆண்டில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் புத்தகமாக வெளியிட்டார்.

மருத்துவமனை வார்டு மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. புண் ஆறியதும் கட்டிலைக் காலி செய்தாக வேண்டும், அடுத்த நோயாளி காத்திருப்பார். ஆனால் தண்டுவடம் அடிபட்டவருக்கு உண்மையான வேலையே புண் ஆறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதனால் 1966-ல் தனியாக ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. உள்நோயாளிகளாகத் தங்கிப் பயிற்சி பெறும் வகையில் நாட்டில் அமைந்த முதல் நிலையம் இது.

1972-ல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 டிசம்பரில் அவர் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். தண்டுவடம் அடிபட்டவர்கள் சில வருடங்கள்கூடத் தாங்கமாட்டார்கள் என்று நினைத்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பாகாயம் நிலையம் இன்றும் இயங்குகிறது. அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்கள் மறுபடியும் வந்து கூடும் ரிஹேப் மேளாவும் நடக்கிறது. விளையாட்டு, கலை நிகழ்ச்சி, கூடவே உடல் பரிசோதனை. வீட்டுக்குப் போனவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டாரா, வெளியே வருகிறாரா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது?

மறுவாழ்வு மருத்துவத்தில் அப்படி என்ன செய்கிறார்கள்?

பலரும் இதை பிசியோதெரபி மட்டும் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். மறுவாழ்வு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளைக் கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நர்ஸ், செயற்கை உறுப்பு, தாங்கு கருவி செய்பவர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு குழுவே சேர்ந்து வேலை செய்யும்.

முதல் பாடம், தோலைப் பாதுகாப்பது. படுக்கையில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கண்ணாடி வைத்துத் தன் முதுகுப் பக்கத்தைத் தானே தினமும் பார்க்கப் பழக வேண்டும். இரண்டாவது, சிறுநீரையும் மலத்தையும் நேரம் வைத்துக் கையாள்வது. இது பழகிவிட்டால்தான் ஒருவர் பயமில்லாமல் கல்யாணத்துக்கோ ஆபீஸுக்கோ போக முடியும். மூன்றாவது, கைகளுக்குப் பலம் ஏற்றி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் தானே மாறுவது. கடைசியாக, வீட்டை மாற்றுவது. வாசலில் சாய்தளம், அகலமான கதவு, பிடிமானக் கம்பி. இது எல்லாவற்றுக்கும் முடிவில் நிற்கிற கேள்வி: என்ன வேலை?

காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இப்படி நடந்தால்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பட்டுத்தறியில் நெசவாளர் உட்காருவது தறிக்குழியில் காலை இறக்கித்தான். கைதான் நெய்கிறது என்று நாம் பார்க்கிறோம். ஆனால் கீழே கால் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் பாவு இழைகள் பிரிந்து நாடா போக வழி கிடைக்கும். ஆக, பைக்கில் போய் விபத்தில் சிக்கி முதுகு அடிபட்ட ஒரு நெசவாளருக்கு, பிரசவ வார்டு மேரிக்கு மூடியதைப் போலவே தறி மூடிவிடுகிறது.

வழக்கமாக என்ன நடக்கும்? தறியைக் கொடுத்துவிடுவார்கள். அவர் திண்ணைக்கு வந்துவிடுவார். மனைவி கூலி வேலைக்குப் போவார். பிள்ளையின் படிப்பு நிற்கும். அடிபட்டது ஒருவருக்கு, கீழே விழுந்தது ஒரு குடும்பம்.

பிராண்ட் பார்த்த மாதிரி பார்த்தால் கணக்கு மாறும். கால் போனது. ஆனால் இருபது வருஷம் பட்டைத் தொட்டுப் பழகிய கையும், எந்த உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று பார்த்ததுமே சொல்லும் கண்ணும் எங்கேயும் போகவில்லை. டிசைன் வரைவது, ஜக்கார்டு அட்டை வேலை, தார் சுற்றுவது, சேலையின் தரம் பார்ப்பது, கணக்கு, போனிலேயே விற்பனை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள் தறிக்கூடத்தைச் சுற்றியே நிறைய உண்டு. தறியில் கிடைத்த அதே வருமானம் உடனே வந்துவிடாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திண்ணைக்கும் வேலைக்கும் இடையில் இருக்கிற தூரம், வருமானத்தை மட்டும் வைத்து அளக்கக்கூடியது இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்களுக்கும், சென்னைக்கு ஐடி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். பாலுசெட்டி சத்திரம், தாமல், சுங்குவார்சத்திரம் வழியாகத் தினமும் அந்த நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நாம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள். அதில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறந்தவர்கள் பற்றிச் செய்தி வருகிறது. காயமடைந்தவர்கள் அடுத்த வருடம் எப்படி இருக்கிறார்கள் என்று செய்தி வருவதில்லை.

மேரிக்குக் கிடைக்காத சில உரிமைகள் இன்று இருக்கின்றன

அரசு ஊழியராக இருந்து, பணிக்காலத்தில் உடல் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20 சொல்வது இது. தனியார் நிறுவனங்களுக்கு இதே பாதுகாப்பு இல்லை என்பது பெரிய குறை.

இஎஸ்ஐ திட்டத்தில் இருக்கும் தொழிலாளி, வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், அது வேலையோடு தொடர்புடையது என்று நிரூபணமாகும்பட்சத்தில் பணியிடக் காயமாகவே கருதப்படும். 2010-ல் வந்த சட்டத்திருத்தம் இது. ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டு பைக்கில் போகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் ஒரு முக்கியமான தெளிவு இருக்கிறது. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் தரும் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று விளக்கியது. ஒரே கையை இழந்தாலும், ஓட்டுநருக்கு ஏற்படும் இழப்பு வேறு, எழுத்தருக்கு ஏற்படும் இழப்பு வேறு. அதனால் அவர் என்ன வேலை செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று பார்த்துத்தான் இழப்பீட்டைத் தீர்மானிக்க வேண்டும். நெசவாளரின் வழக்கறிஞர், தறிக்குழியில் காலுக்கு என்ன வேலை என்பதைத் தீர்ப்பாயத்துக்குப் புரிய வைப்பது அவசியம்.

சிகிச்சைக்கு வேலூர் மட்டும்தான் வழி என்றும் இல்லை. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. எந்த மருத்துவமனையாக இருந்தாலும், டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்பே மறுவாழ்வுச் சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் போய் படுக்கைப் புண் வந்த பிறகு கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது. மனசு தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். அடிபட்டவர் மட்டுமில்லை, அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் பேசலாம்.

விபத்து நடந்த இடத்தில் நாம் செய்ய வேண்டியது

தண்டுவடச் சேதம் எல்லாமே மோதிய நொடியில் நடந்துவிடுவதில்லை. தூக்குகிற அவசரத்திலும் கூடுதல் சேதம் ஏற்படலாம். அடிபட்டவரை ஆளுக்கொரு கை, கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் ரொம்ப ஆபத்து. தீ, வெள்ளம், வரும் வண்டிகள் என்ற உடனடி ஆபத்து இல்லையென்றால், கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் அப்படியே வைத்து 108-க்கு அழையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. பணம் இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட திட்டம் இது.

கடைசியாக...

மேரி வர்கீஸின் கதையில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கால்கள் திரும்பவில்லை. ஒருநாள் காலையில் திடீரென்று எழுந்து நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: அவர் முடிந்துபோய்விட்டார் என்று உடன் இருந்தவர்கள் முடிவு கட்டவில்லை. அவருக்குப் பொருந்தும் ஒரு வேலையை அவர் கையில் கொடுத்தார்கள். அதை அவர் பிடித்துக்கொண்டார். பிறகு அதே வாய்ப்பு மற்றவர்களுக்கும் கிடைக்கும்படி ஒரு இடத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

உங்கள் தெருவிலும் விபத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருவர் இருக்கலாம். அடுத்தமுறை பார்க்கப் போகும்போது, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகு, இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: என்ன வேலை செய்யலாம் என்று இருக்கிறீர்கள்? அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டால், காத்திருங்கள்.